ரசமட்டம்

யூமாவில் ஜூலை.
காலை ஒன்பதரைக்கே நூற்றுப் பன்னிரண்டு பாகை,
ஃபாரன்ஹீட் கணக்கில்.
ஒஃபேலியா கிஹாதா கதவைத் திறந்ததும்
உள்ளிருந்தும் வெயிலே வந்து
என்னிடம் கைகுலுக்கியது.

உரிம வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வந்திருப்பதாகச் சொன்னேன்.
"நாற்பத்தோரு நாள்" என்றாள்.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய நாட்காட்டியில்
கட்டத்துக்கொரு எண்: 88, 89, 91, மறுபடி 91.
நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து
சுவர்மானியைப் பார்த்து எழுதியவை.
இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்று
எண்ணாமல் தூங்கப் போனதில்லை.

ரூலன் ஹாஸ் எஞ்சினை அணைக்காமல்
தன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான்.
வண்டிக்குள் குளிர்.
ஜன்னல் வழியே அதையும் அவள் குறித்திருக்கக்கூடும்.

பதினோராயிரத்து நானூறு டாலர்.
"ஐந்து டன் கேட்டேன், மூன்றரை டன் மாட்டினான்."
"வீட்டை அளந்து கணக்குப் போட்டேன்."
"எங்கே அந்தக் கணக்கு?"
"தலையில்."
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் எட்டிப் பார்க்க வேண்டியது
தலைக்குள் அல்ல, பரணுக்குள்.

(என் வீட்டு ஏ.சி. இரண்டு மாதமாய் உறுமுகிறது.
இன்னும் யாரையும் கூப்பிடவில்லை.
இந்த வேலையில் இருப்பவன்
யாரைக் கூப்பிடுவான்?)

வெளியே சிமெண்டுப் பலகைமேல் இயந்திரம்
குற்றமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.
குளிர் புறப்படுகிறது. வந்து சேரவில்லை.

ஏணியை நிறுத்தினேன்.
"நீங்களும் வந்து பாருங்கள், ரூலன்."
மூன்றாம் படியில் கால் வைத்தான்.
அங்கேயே நின்றான்.
கை சட்டைப் பைக்குப் போனது
பேனாவைத் தேடுவதுபோல்.
பேனா மறு கையில் இருந்தது.

மேலே நூற்று நாற்பது.
கண்ணாடிப் பஞ்சு கழுத்தில் அரித்தது.
இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே
காற்றுக்குழாயைத் திருகிச் செருகியிருந்தார்கள்,
ஈரத்துணியைப் பிழிந்து அப்படியே விட்டதுபோல்.
நீர் வடியும் குழாயின்மேல் ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி ஒரு பக்கமாய் ஒதுங்கி நின்றது,
ஒதுங்கக்கூடாத பக்கம்.
தண்ணீர் மேட்டுக்கு ஏறும் என்று
யாரோ நம்பியிருக்கிறார்கள்.
அந்த நம்பிக்கைதான் கீழே கூடத்தில்
பழுப்புக் கறையாய்ப் படர்ந்து கிடந்தது.

தூசியில் நசுங்கிய குளிர்பான டப்பா ஒன்று.
அருகே காலணித் தடம், சின்னது.
ஏணியின் மூன்றாம் படியைக் குனிந்து பார்த்தேன்.
அந்தக் கால் இந்தத் தடத்துக்குள் அடங்காது.

"மேலே ஏறியது யார்?"
"மச்சான் பையன்.
போன கோடையில் எனக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள்.
பரண் ஏறக்கூடாதென்றார் டாக்டர்.
முடித்துவிட்டுப் படம் எடுத்துக் காட்டு என்றேன்.
காட்டினான்."
"எதை?"
"இயந்திரத்தை."

உரிமம் கீழேயே நின்றிருக்கிறது.
கைகள் மட்டும் ஏறியிருக்கின்றன.

ஒஃபேலியா சமையலறைக்குப் போய்
ஐஸ் போட்ட தண்ணீர் கொண்டுவந்தாள்.
ஒரே குவளை. எனக்கில்லை.
"உட்கார்ந்து குடி. நின்றுகொண்டு குடிக்காதே."
அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்தாள்.
பிறகு, குவளையை வாங்கிக்கொண்டே,
"ஏழு பக்கத்தில் ஒரு வரியைக்கூட
நான் வாபஸ் வாங்கவில்லை" என்றாள்.
"தெரியும்" என்றான்.

எழுதினேன்:
டன் குறைவு, நிரூபணமாகவில்லை.
காற்றுக்குழாய், வடிகுழாய், சரிசெய்க.
பதினைந்து நாள்.
அந்தப் பதினைந்து நாளில் யார் ஏறுவது என்பதற்குப்
படிவத்தில் கட்டமில்லை.

இருவரும் கையெழுத்திட்டார்கள்.
அவளுடையது பெரிது; கோட்டைத் தாண்டியது.

வண்டியைப் பின்னுக்கு எடுக்கையில் பார்த்தேன்.
அவன் இன்னும் அந்த நாற்காலியில்.
அவள் ஃப்ரிட்ஜ் முன் நிற்கிறாள்,
இன்று பகலிலேயே எழுதுகிறாள்.
எண்ணை
இங்கிருந்து படிக்க முடியவில்லை.